உவர்நீரும் உருக்குக் கலமும்: ஈழத்துக் கடற்குளிப்பு வரலாற்றில் ஒரு பக்கம்

இரும்பின் பெருமையை எழுதினோர் பலர்; துருவின் வரலாற்றை எழுதினோர் சிலரே. ஆயினும் வன்னிப் பெருநிலத்தில் வாழ்வோருள் துருவை அறியாதார் எவருமிலர். 2006ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிச் சென்ற யோர்தான் நாட்டுக் கப்பலாகிய 'பரா 3' இயந்திரம் பழுதுற்று முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. போர் முடிந்தபின் அக்கரைக்குச் சென்றோர் அதன் செந்நிற உடலைக் கண்டனர். கடலில் நிற்கும் இரும்பு எங்கே விரைந்து அழியும் என்று மாணவரைக் கேட்டால், நீருக்குள் அமிழ்ந்த பகுதியே என்பர். உண்மை அதுவன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்து நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் மாறிமாறி நிற்கும் பட்டையே முதலில் உண்ணப்படும். உப்பும் நீரும் காற்றும் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடுவது அங்கேதான்.

கப்பலின் துரு ஊரறிய நிகழ்வது. அதனால் எவரும் ஏமாறுவதில்லை. ஈண்டு யாம் ஆராயப் புகுவது ஊரறியாத் துருவொன்றை. நம் கரையோரக் கடலோடிகள் 'சிலிண்டர்' என வழங்கும், முதுகில் கட்டிக்கொண்டு நீருள் இறங்கும் உருக்குக் கலத்தின் அகத்தே நிகழ்வது அது. வரலாறு கற்பிக்கும் எமக்கு இரசாயனம் அயல்நாடே. எனினும் இப்பொருளில் அவ்விரண்டையும் பிரித்தல் இயலாதாயிற்று.

இரும்பின்றிக் கடலுள் இறங்கிய காலம் நமக்கு மிக நீண்டது. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபங்களில், அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் கூடிய குளியாளரிடம் இருந்த கருவிகளை எண்ணிப் பார்க்கலாம். முப்பது நாற்பது இறாத்தல் நிறையுள்ள ஒரு கல், அதைப் பிணித்த கயிறு, சிப்பியிடும் வலைக்கூடை, மேலே தோணியில் நின்று கயிறு பிடிக்கும் துணைவன், சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டியின் மந்திரம். இவ்வளவே. கயிற்றுச் சுருக்கிற் கால்வைத்துக் கல்லோடு இறங்கி, ஒரு நிமிடமளவு மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவர். இவற்றுள் உவர்நீர் உண்ணத்தக்க பொருள் எதுவுமில்லை. கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலாபத்தை மேற்பார்வையிட அரிப்பிற் கட்டுவித்த மாளிகை இன்று கடலரிப்பால் இடிந்து நிற்கிறது. அரிப்பு என்னும் ஊரிலேயே அரிப்பின் வேலையைக் காணலாம் என்று யாம் வகுப்பிற் சொல்வதுண்டு. மாணவர் நகைப்பர், ஆனால் மறவார்.

மரக்கலத்திலும் நம் முன்னோர் இயன்றவரை இரும்பை ஒதுக்கினர். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு, பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. அலையின் மோதலுக்கு நெகிழ்ந்து கொடுத்தலே இதன் தலையாய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆணி துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும் தொல்லை இல்லாமை அதனோடு சேர்ந்து வந்த பயன். இரும்பறியாமையால் இவ்வாறு செய்தனர் என்பது பொருந்தாது. ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் இரும்புப் பொருள்கள் கிடைத்துள்ளன. இலங்கையிலே சமனலவெவவின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றின் விசையால் எரிந்த இரும்புலைகளைக் கில் யூலெவ் என்னும் அறிஞர் அகழ்ந்தாராய்ந்து 1996இல் வெளியிட்டார். இரும்பை ஆக்கத் தெரிந்தவர்கள் அதனைக் கடலுக்குக் கொடுக்கத் தயங்கினர் என்பதே பொருந்தும்.

டில்லி இரும்புத் தூணைச் சுட்டி, நம்மவர் துருப்பிடிக்கா இரும்பு செய்தனர் எனப் பெருமை பேசுவாருமுளர். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக அத்தூண் நிற்பது மெய்யே. அவ்விரும்பில் பொசுபரசு மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டாயிற்று என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆனால் டில்லியின் காற்று ஆண்டின் பெரும்பகுதி வறண்டது; கடலோ நெடுந்தொலைவு. வங்கக் கடலோரம் கோணார்க்கத்துச் சூரியன் கோயிலின் இரும்பு உத்தரங்கள் துருவேறின. பழம்பெருமை பேசுமுன் அவ்விரண்டையும் ஒப்பிடல் நன்று.

இரும்பும் உவர்நீரும் சேர்ந்தால் விளைவதென்ன என்பதை மேனாட்டார் பெருஞ்செலவிட்டே கற்றனர். 1761இல் ஆங்கிலக் கடற்படை 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத்தகடு போர்த்தி, அதனை இரும்பாணிகளால் அறைந்தது. ஈராண்டின்பின் பார்த்தபோது, தகட்டை நேரே தொட்டிருந்த ஆணிகள் கரைந்து போயிருந்தன. தகட்டுக்கும் ஆணிக்கும் இடையே தாள் அகப்பட்ட இடங்களில் ஆணி கேடின்றி இருந்தது. இரண்டு உலோகங்கள் உவர்நீரில் தொட்டுக்கொண்டு நின்றால் ஒன்று மற்றதன்பொருட்டு அழியும் என்பது இதனால் வெளிப்பட்டது. 1824இல் சேர் ஹம்பிரி டேவி இவ்வழிவையே காவலாக்கினார். செப்பைக் காக்க அதனோடு நாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் சேர்த்தார். அவை அழிந்தன, செப்பு பிழைத்தது. ஆனால் செப்பு கரையாமற் போகவே அதன் நஞ்சும் நீரிற் கலவாதாயிற்று. கப்பலடியில் சிப்பியும் பாசியும் செழித்து வளர்ந்து அதன் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. ஆராய்ச்சி வென்று, அதன் பயன் தோற்ற நிகழ்ச்சி இது. எனினும் டேவி கண்ட உண்மை அழியவில்லை. இன்று உருக்குக் கலத்தின் புறத்தே பூசும் நாகமுலாம் அவர் வகுத்த வழியிலேயே வேலை செய்கிறது. முலாம் ஓரிடத்திற் கீறுண்டாலும் சுற்றியுள்ள நாகம் தான் கரைந்து உருக்கைக் காக்கும்.

காற்றைக் கலத்தில் அடைத்து நீருட் கொண்டுசெல்லும் முயற்சி பிரான்சிற் சிறந்தது. சுரங்கப் பொறியியலாளர் றூக்கேறோலும் கடற்படை அலுவலர் தெனேறூசும் 1860களில் ஆக்கிய கருவியில், முதுகிலே ஓர் உலோகக் கலம் இருந்தது. மேலேயுள்ள பம்பி குழாய்வழியே அதனை நிரப்பியது. உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கும் கலங்களுக்குப் பொருத்தில்லாத உருக்கு வேண்டும். மனெசுமன் சகோதரர் 1885இல் பொருத்தில்லாக் குழாய் செய்யும் முறையைக் கண்டது அவ்வகையில் ஒரு திருப்பம். 1943இல் யாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து, மூச்சிழுக்கும்போது மட்டும் வேண்டிய அளவு காற்றைத் தரும் கருவியை ஆக்கியபின், மனிதன் குழாயின் பிணிப்பின்றிக் கடலடியில் உலாவத் தொடங்கினான்.

அக்கருவி நம் நாட்டுக் கடலில் இறங்கியபோது முதலில் நிகழ்ந்த அருஞ்செயல்களுள் ஒன்று சைவ மக்களுக்கு நெருங்கியது. ஆதர் சீ. கிளார்க் என்னும் எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக் கடலில் மூழ்கத் தொடங்கினர். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்த திருக்கோணேச்சரத்தின் தூண்களும் செதுக்குக் கற்களும் சுவாமிமலையின் அடியிற் கடலுட் கிடப்பதை அவர்கள் கண்டனர். முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக நம்மவர் செவிவழியாக மட்டும் அறிந்ததை, கலத்தில் அடைத்த காற்று கண்ணாற் காணச் செய்தது. கிளார்க் அதனை 1957இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வில்சன் 1961இல் தென்கடலிலே 'கிறேட் பாசஸ்' பாறைத்தொடரில் மூழ்கிய கப்பலொன்றிலிருந்து வெள்ளி நாணயங்களை எடுத்தார். சூரத்து அக்கசாலையில் 1702ஆம் ஆண்டளவில் அடித்தவை அவை. அவர் பின்னாளிற் கதிர்காமக் கந்தனுக்கு அடியவராகிச் சுவாமி சிவகல்கி என்னும் பெயர் பூண்டார் என்பதும் இவ்விடத்துச் சொல்லத்தக்கதே.

இனி, கட்டுரையின் கருப்பொருளுக்கு வருவோம். எம்மிடம் கற்று, இன்று முல்லைத்தீவுக் கரையிற் கடலட்டைத் தொழில் புரியும் ஒருவர் ஒருநாள் தம் சிலிண்டரொன்றை எம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். பலர் கைமாறி அவரிடம் வந்தது அது. புறத்தே புதுவண்ணம் பூசப்பட்டு மினுங்கியது. ஆட்டியபோது உள்ளே ஏதோ உருளும் ஓசை கேட்டது. அவருடைய வாதம் எளியது: "காத்து ஒழுகேல்லை, சேர். அப்ப சிலிண்டர் நல்லதுதானே?" காற்றை முற்றும் வெளியேற்றி, பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு வாயடைப்பைக் கழற்றிக் கலத்தைக் கவிழ்த்தோம். கோப்பையளவு செந்நீரும் அதனோடு துருச் செதில்களும் வீழ்ந்தன.

இந்நீர் எவ்வழி உட்புகுந்தது? கடலோடிகள் பெரும்பாலும் கடலையே குற்றஞ் சாட்டுவர். கலம் முழுமையாக வெறுமையாகும்வரை நீருள் மூச்சிழுத்தால், ஆழத்தில் வெளியமுக்கம் மிகுந்து கடல்நீர் உட்புகும் என்பது மெய்யே. ஆயினும் நீர் நுழையும் பெருவாயில் கரையில், நிரப்புமிடத்தில் இருக்கிறது. கலத்தின் வாயில் தங்கிய நீர்த்துளிகளை ஊதி அகற்றாமல் குழாயைப் பூட்டினால், நிரப்பும் காற்று அத்துளிகளை உள்ளே தள்ளும். அன்றியும் காற்றிலேயே நீர் உண்டு. நம் கரையோரத்து 30 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதாக உள்ள காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி அடங்கியிருக்கும். 12 இலீற்றர்க் கலமொன்றை 200 வளிமண்டல அமுக்கத்துக்கு நிரப்ப 2.4 கனமீற்றர் காற்று வேண்டும். ஆகவே, அமுக்கியில் நீர்பிரிக்கும் பகுதியும் உலர்த்தும் வடியும் செம்மையாக இல்லையெனின், ஒருமுறை நிரப்புகையிலேயே ஏறக்குறைய 58 கிராம் நீர் காற்றோடு வரும். மூச்சுக்காற்றுக்கு விதிக்கப்படும் எல்லையோ ஒரு கனமீற்றருக்குச் சில பத்து மில்லிகிராம் மட்டுமே. அமுக்கியின் வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்றச் சோம்பிய ஒருவன் எத்தனை கலங்களைக் கெடுக்கிறான் என்பது இக்கணக்கால் விளங்கும்.

உட்புகுந்த நீர் வெளியே கிடக்கும் நீரைப்போன்றதன்று. நீரிற் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அமுக்கத்துக்கு விகிதசமம் என்பது உயர்தர வகுப்பு மாணவர் அறிந்த விதி. 200 வளிமண்டல அமுக்கத்தில் நிரப்பிய கலத்தினுள் ஒட்சிசனின் அமுக்கம் வெளிக்காற்றில் உள்ளதிலும் இருநூறு மடங்கு. ஆதலின் அங்கே கிடக்கும் நீர் ஒட்சிசனால் நிறைந்திருக்கும். உப்பும் சேருமாயின் மின்னோட்டத்துக்கும் எளிதில் வழிவிடும். ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் இதனைச் சோதித்தோர், உவர்நீரும் உயர்ந்த அமுக்கமும் கூடிய உருக்குக் கலங்கள் சில மாதங்களிலேயே கடுமையாகக் கெடுவதைக் கண்டனர். கலத்தின் சுவர் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் அளவினது. அதன் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 200 கிலோகிராம் அளவான விசை ஓய்வின்றித் தள்ளிக்கொண்டிருக்கும். துரு எங்கும் ஒரே அளவாகப் பரவினால் அது பொறுக்கத்தக்கது. ஓரிடத்திற் குழியாக இறங்கினால் அக்குழியின் அடியே கலத்தின் வலிமையைத் தீர்மானிக்கும். வெடிப்பு எத்தகையது என்று வன்னி வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

வெடிப்பிலும் ஓசையற்ற வேறோர் ஆபத்துண்டு. எம் மாணவர் அதனைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. துரு என்பது இரும்பும் ஒட்சிசனும் நீரும் கூடியது. மூடிய கலத்தில் துரு வளர்கிறதெனின் அங்குள்ள காற்றின் ஒட்சிசன் குறைகிறது என்பதே பொருள். 12 இலீற்றர்க் கலத்தில் 20 வளிமண்டல அமுக்கமுள்ள காற்றை மிச்சமாக வைத்துவிட்டுப் பருவம் முடிந்ததென்று மாதக்கணக்கிற் கொட்டிலிற் போட்டால், 90 கிராம் அளவான இரும்பு துருவாக மாறுவதே அதிலுள்ள ஒட்சிசனை நூற்றுக்கு 21இலிருந்து 10 ஆக்கப் போதுமானது. மானி 20 என்றே ஏறக்குறையக் காட்டும், மணமில்லை, நிறமில்லை. அக்காற்றை நீருட் சுவாசிப்பவன் மூச்சுத் திணறலை உணருமுன்பே அறிவிழப்பான். ஏனெனின் திணறலைத் தருவது உடலிற் சேரும் காபனீரொட்சைட்டு, ஒட்சிசனின் குறைவன்று. கப்பல்களின் நங்கூரச் சங்கிலி அறைகளிற் புகுந்தோர் உயிரிழப்பதற்கும் இதுவே காரணம். நெடுநாள் கிடந்த கலத்தின் காற்றை, அது எவ்வளவாயினும், வெளியே விட்டுப் புதிதாக நிரப்புதல் வேண்டும். காற்று வீண் என்று கருதுவோர் பெற்றோல் விலையைக் கணக்கிடுகின்றனர்; இதனைக் கணக்கிடுவதில்லை.

பரிகாரம் யாது? புறத்துருவுக்கு நன்னீர்க் கழுவலும் நல்ல வண்ணமுமே பெரிதும் போதும். ஆனால் கலத்தின் அடியில் மாட்டும் இறப்பர்ப் பாதத்தைக் கழற்றாமற் கழுவுதல் கழுவாமைக்குச் சமம். உவர்நீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். கலத்தைக் கிடத்தி வைத்தலும் தவறு. அடிப்பாகமே தடித்தது, நிமிர்த்தி வைத்தால் உள்ளே தப்பிய நீர் அங்கே தேங்கும். கிடத்தினால் மெல்லிய பக்கச்சுவரை உண்ணும். சிறிதளவு காற்றோடு வைப்பின் ஈரக்காற்று உட்புகாது. நிறைந்த அமுக்கத்தோடு வைப்பின் துரு விரையும்.

அகத்துருவைக் காண வாயடைப்பைக் கழற்றிச் சிறு விளக்கை உள்ளே இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆண்டுக்கொரு முறை இதனைச் செய்தல் பல நாடுகளின் வழக்கம். மென்துருவாயின், கலத்தினுள் கடினமான அலுமினிய ஒட்சைட்டுச் சில்லிகளையும் நீரையும் துருத்தடுப்பானையும் இட்டு, உருளைகளின்மேற் கிடத்தி மணிக்கணக்கில் உருட்டுவர். சில்லிகள் துருவைத் தேய்த்து அகற்றும். அதன்பின் வெந்நீரால் அலசி, அந்தச் சூடு ஆறுமுன் உலர்ந்த காற்றை ஊதி ஈரத்தைப் போக்க வேண்டும். அரைமணி நேரம் தாமதித்தாலும் தேய்த்த பரப்பிற் புதுத்துரு படரும். கடும் அமிலத்தால் துருவைக் கரைக்க முற்படுவோர், ஐதரசன் உருக்கினுட் புகுந்து அதனை நொறுங்குமியல்பினதாக்கும் என்பதை அறியார். ஒருகாலத்தில் மேனாட்டார் கலத்தின் உட்புறத்துக்குப் பிளாத்திக்குப் பூச்சிட்டுப் பார்த்தனர். பூச்சில் ஊசித்துளை விழுந்த இடத்தில் நீர் புகுந்து அதன் மறைவிலேயே குழி தோண்டிற்று; பார்ப்போன் கண்ணுக்குப் பூச்சின் அழகே தெரிந்தது. நாளடைவில் அதனைக் கைவிட்டனர். குழி ஆழமாயின் மருந்தில்லை. ஒட்டிட்டு நிரவுதலும் தீயிற் காய்ச்சுதலும் கொலைக்கு ஒப்பான செயல்கள்.

கண்ணாற் பார்த்தலோடு ஐந்தாண்டுக்கொருமுறை நீரமுக்கச் சோதனையும் பல நாடுகளில் விதியாக உண்டு. கலத்தில் நீரை நிரப்பி, வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கோ அதற்கு மேலோ உயர்த்தி, அது எவ்வளவு விரிகிறது, அமுக்கம் தணிந்தபின் எவ்வளவு மீள்கிறது என அளப்பர். காற்றால் சோதிக்காமல் நீரால் சோதிப்பதற்குக் காரணமுண்டு. நீர் அமுங்குவது அரிதாதலின், கலம் உடைந்தாலும் சிதறாது. சோதித்த மாதமும் ஆண்டும் கலத்தின் தோளில் அடிக்கப்படும்.

துருவுக்குள் ஒளிந்த உப்பின் பிடிவாதத்தைத் தொல்பொருட் காப்பாளர் நன்கறிவர். காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தரின் 'அவொன்ட்ஸ்ரர்' கப்பலை அகழ்ந்த காலத்தில் கரையிலே காப்புக்கூடம் ஒன்று இயங்கியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அதனைச் சிதைத்தது. கடலடியில் நூற்றாண்டுகள் நிலைத்த இரும்புப் பொருளை மேலே கொண்டுவந்து உலரவிட்டால், அதனுள் ஊறிய குளோரைட்டுக் காற்றோடு கூடி அதனைப் பிளந்துவிடும். ஆகவே காரக்கரைசலில் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து உப்பை வாங்குவர். ஒருமுறை கடல்நீர் புகுந்த சிலிண்டரை வெயிலிற் காயவைத்தால் தீர்ந்தது என எண்ணுவோர் இதனை நினைத்தல் வேண்டும். நீர் போகும், உப்பு போகாது.

போருக்குப்பின் நம் கரைகளில் கடலட்டைக்காகக் குளிப்போர் தொகை பெருகியது. உள்ளூராருக்கும் வெளிமாவட்டத்தாருக்கும் இடையே தொழிலுரிமை பற்றிய பிணக்கு 2018இல் முல்லைத்தீவு வீதிகளிலும் எழுந்தது. யார் குளிப்பது என்பதைப் பற்றியே அன்று பேசப்பட்டது. எக்கலத்தோடு குளிப்பது என்பதைப் பேசினோரை யாம் கண்டிலேம். முடக்குவாத நோயை, அதாவது ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுவதால் வரும் கேட்டைக் கடலோடிகள் அறிவர். அதற்குப் பெயரும் உண்டு, கதையும் உண்டு. கலத்தின் அகத்துருவுக்கு நம் கரையிற் பெயருமில்லை.

எம் மாணவருடைய சிலிண்டரின் தோளை உப்புத்தாளாற் சுரண்டினோம். வண்ணத்தின்கீழ் வண்ணமாக நான்கு படைகள் இருந்தன. அவற்றின் அடியில் வெளிப்பட்ட கடைசிச் சோதனை ஆண்டு 1989. அவர் ஒன்றும் பேசவில்லை. சில நாட்களின்பின் வாயடைப்பைக் கழற்றிவிட்டுக் கலத்தை முல்லைத்தீவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்று, எவரும் இனி நிரப்பாதபடி குறுக்கே அறுப்பித்தார். அறுத்த வளையத்தை எம்மிடம் தந்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் 4 மில்லிமீற்றர் இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், கிடத்தி வைத்தபோது நீர் தேங்கிய கோட்டின் நெடுகே, 2 மில்லிமீற்றரும் இல்லை.